நீங்கள் இருவரும் நம்பாத கார்

தம்பி,

இதை கராஜ் மேசையில், இரும்பில் பிடித்த கறளை இளக்கும் எண்ணெய்ப் போத்தலின் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். பின்னேரம் அப்பா வேலை முடிந்து வந்ததும் நீங்கள் இருவரும் கராஜுக்குள் போவீர்கள். நீ முதலில் கை வைப்பது அந்தப் போத்தலில்தான். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிய ஃபாதர் கோயில் வாசலுக்கு வந்து எங்கள் பழைய காரை ஆசீர்வதிக்கப் போகிறார். மறுநாள் நீ அதை ஓட்டிக்கொண்டு வடக்கே தூரத்திலுள்ள வால்-டோருக்கு, சுரங்கத்தில் கிடைத்த வேலைக்குப் போகிறாய். பாதி வழி காடு; தொலைபேசி எடுக்காது; நீ போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் பனியும் தொடங்கிவிடும். அந்தக் காரில் நீ போகலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்து, இவ்வளவு காலமாக ஆய்வுகூடத்தில் தண்ணீர் சோதித்துக் கையெழுத்துப் போடுகிற உன் அம்மா நான், இந்த ஒரு கேள்விக்கு ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லத் தெரியாமல் நிற்கிறேன். உன்னிடம் நேரே கதைக்கப் பல தடவை வந்தேன். ஒவ்வொரு தடவையும் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். நீயும் "ஓம்" என்றாய். சாப்பிடாமலே ஓம் என்று சொன்ன நாட்களும் எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று நீ யோசிக்கக்கூடும். பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்தால் நின்ற நிலையில் வாசித்து முடித்திருப்பாய். அதற்குக் காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

அந்தக் கார் வந்தபோது நீ முதலாம் வகுப்பு. பியர்பொன்ட்ஸில் இந்த வீட்டுக்கு வந்த முதல் வருடம். கராஜோடு சேர்ந்த வீடு என்று அப்பாவுக்குப் பெருமை. அவர் மன்னாரில் கடலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். அங்கே சைக்கிளை முற்றத்தில் விட்டால் உப்புக் காற்றுப் பட்டுச் சங்கிலி இறுகிவிடும் என்று, பொழுதுபட்டதும் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வைப்பார்களாம். அவர் அதே பழக்கத்தில் காரையும் உள்ளே எடுத்து வைத்தார். உள்ளே வைத்தது போதாதென்று ஒரு ஹீட்டரும் பூட்டினார். குளிரில் நிற்கிற காரைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது. ஆனால் மன்னாரில் உப்பு காற்றில் வருகிறது. கதவைச் சாத்தினால் அது வெளியே நிற்கும். இங்கே பனி உருகவென்று ரோட்டில் கொட்டுகிற உப்பு சேற்றோடு காரின் அடியில் ஒட்டிக்கொண்டு எங்களோடே கராஜுக்குள் வருகிறது. வெளியே கடுங்குளிரில் நின்றால் அது உறைந்துபோய்ச் சும்மா இருக்கும். உள்ளே சூட்டில் உருகி, ஒவ்வொரு இடுக்குக்குள்ளும் இறங்கி, ஈரமாகவே இருந்து தன் வேலையைப் பார்க்கும். பக்கத்து வீட்டு மதாம் தன் காரை ஒவ்வொரு குளிர்காலமும் வெளியேதான் விட்டாள். காலையில் அதைப் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுப்பாள். அந்தக் கார் இன்றைக்கும் நேராக நிற்கிறது.

இதை நான் ஒருமுறை அப்பாவிடம் சொன்னேன். நீ படிக்கட்டில் இருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். உனக்கு நினைவிருக்குமோ தெரியாது. "உந்த ஹீட்டரை நிப்பாட்டுங்கோ. சூட்டிலதான் கறள் கூடப் பிடிக்கும்" என்றேன். அவர் காரைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "அப்ப நீரும் வெளியில நில்லுமன். கறள் பிடியாமல் நெடுக இளமையா இருப்பீர்." நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அந்தக் காரை வேலைக்கு ஓட்டிக்கொண்டு போனவள் நான். விடியற்காலையில் சூடான சீட்டில் ஏறி இருக்கிற சுகத்தை இழக்க எனக்கும் மனமில்லை. இதிலிருந்து உனக்கு ஒரு பாடம் சொல்லப்போகிறேன் என்று நினைக்காதே. பொத்திப் பொத்தி வைத்தால் கெட்டுப்போகும் என்று யாராவது பிரசங்கத்தில் இதை வைத்துச் சொல்லலாம். கார் வேறு, பிள்ளை வேறு. எனக்கு அப்படிப்பட்ட கதைகளில் நம்பிக்கை இல்லை.

நீ கணக்கியல் படிப்பைப் பாதியில் விட்டு, சுரங்கத் தொழில்நுட்பம் படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து இந்த வீட்டில் என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியும். சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. அப்பா "வேண்டாம்" என்றார். நீ போனாய். அதன் பிறகு நீங்கள் இருவரும் என் மூலமாகக் கதைத்தீர்கள். "அவனிட்டக் கேளும், குப்பை வைச்சவனோ எண்டு." "அப்பாட்டச் சொல்லுங்கோ, வைச்சாச்சு எண்டு." மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்துகொண்டு. நான் அதற்குள் தலைபோடவில்லை. இருவரும் வளர்ந்த ஆட்கள், தாங்களாகச் சரிவருவார்கள் என்று இருந்தேன். அது பொறுமையா, சோம்பலா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. பிறகு இந்த வருடம் பனி கரைகிற நேரம், அப்பா காரை வாசலில் திருப்பும்போது புகைக்குழாய் கழன்று நிலத்தில் இழுபட்டது. தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். நீ மேலே இருந்து இறங்கி ஓடிவந்தாய். அவர் ஒரு பக்கம், நீ மறுபக்கம், ஈர நிலத்தில் படுத்துக் காருக்கு அடியில் பார்த்தீர்கள். யன்னலால் பார்த்த எனக்கு நான்கு கால்கள்தான் தெரிந்தன. நெடுநேரம் அசையவில்லை. பிறகு அடியிலிருந்து அப்பாவின் குரல்: "இதைப் பாத்தியே." உன் குரல்: "இஞ்சாலையும் பாருங்கோ."

அந்தக் கோடை முழுவதும் நான் கராஜ் கதவுக்கு இந்தப் பக்கம் சமையலறையில் நின்று உங்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள். நீ ஏன் படிப்பை விட்டாய் என்று அவர் கேட்பார், ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

"தம்பி, பதினாலு ஸ்பனரை எடு."

"பதினாலு வழுக்குது அப்பா. போல்ட்டின்ர தலை தேய்ஞ்சு போச்சு."

"அப்ப பதின்மூண்டை அடிச்சு ஏத்து."

"உடையும்."

"உடைஞ்சால் உடையட்டும். கொம்மா வந்து ஒட்டுவா."

உடைந்த சத்தம். பிறகு இருவரும் சிரித்த சத்தம். இறுகிப்போன நட்டுக்கு எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும், கழற்றுவதற்கு முன்னால் அதை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்க்க வேண்டும், அப்போதுதான் கறள் விட்டுக்கொடுக்கும் என்று நீ எனக்கு விளங்கப்படுத்தினாய். கழற்ற நினைப்பதை ஏன் இறுக்க வேண்டும் என்று நான் கேட்டேன். "அது அப்பிடித்தான் அம்மா" என்றாய். அப்பா பின்னால் நின்று தலையாட்டினார். ஒரு விஷயத்தில் நீங்கள் இருவரும் ஒரு பக்கம் நின்று நான் மறுபக்கம் நின்றது அன்றுதான் முதல் தடவை. அது எனக்குப் பிடித்திருந்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். போன மாதம் ஒரு சனிக்கிழமை தேத்தண்ணி கொண்டு வந்தேன். அப்பா காரின் கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற தகட்டுக்கு, கார் தூக்குகிற ஜக்கைக் கொடுத்து உயர்த்திக்கொண்டிருந்தார். ஜக் உயர்ந்தது. கார் உயரவில்லை. அப்பளத்தைக் கையால் நொறுக்கினதுபோல ஒரு சத்தம் வந்தது. ஜக்கின் தலை காரின் உடம்புக்குள் போய்விட்டது. புதிதாக அடித்திருந்த கறுப்புப் பூச்சு பிளந்து, மண்ணிறத் தூள் கொட்டியது. நீங்கள் இருவரும் அதைப் பார்த்தீர்கள். நான் உங்கள் முகங்களைப் பார்த்தேன். அப்பா மெதுவாக ஜக்கை இறக்கினார். "இடம் பிழை" என்றார். "ஓம், கொஞ்சம் பின்னுக்குக் குடுக்கவேணும்" என்றாய் நீ. வேறு இடத்தில் கொடுத்து உயர்த்தினீர்கள். அன்று பின்னேரமே அந்த ஓட்டைக்கு ஒரு தகடு வைத்து ஒட்டி, மேலே கறுப்பு அடித்துவிட்டீர்கள். பார்க்கப் புதிதுபோல இருந்தது. என் கையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் நீ அப்பாவின் சின்னக் காரில் என்னை ரொக்ஸ்பரோ ஸ்டேஷனில் இறக்க வந்தாய். இறங்கப் போனவளை மறித்து, "அம்மா, ஒண்டு சொல்லுறன், அப்பாட்டச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாய். "எனக்கு உந்தக் காரில நம்பிக்கை இல்லை. நான் பஸ்ஸில போனால் நிம்மதியாப் போவன்."

"அப்ப சொல்லன் அவரிட்ட" என்றேன்.

"என்னெண்டு? அவற்ற முகத்தைப் பாத்தனீங்களோ? நான் சுரங்கத்துக்குப் போறதுக்கு அவர் குடுக்கிற முதல் சம்மதம் உந்தக் கார்தான். அதை வேண்டாம் எண்டு சொல்லச் சொல்லுறீங்களே? மெல்லமா ஓட்டிக்கொண்டு போவன். ஒண்டும் நடவாது."

ரயில் வந்துவிட்டது. நான் சத்தியம் செய்து தந்தேன். நீ கேட்டாய், நான் தந்தேன்; அவ்வளவு விரைவாக நான் ஒன்றுக்கும் ஒப்புக்கொள்கிறவள் அல்ல.

அதே வாரம் அப்பா சமையலறையில் மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். நீ வீட்டில் இல்லை. தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் சொன்னார்: "இஞ்சேரும், அவனிட்டச் சொல்லிப்போடாதையும். உந்தக் கார் அந்த ரோட்டுக்குத் தாங்காது."

"அப்ப என்னத்துக்கு ஃபாதரிட்டப் போய் ஆசீர்வாதத்துக்குச் சொன்னனீங்கள்?"

"தாங்கும் எண்டால் நான் ஏன் ஃபாதரிட்டப் போறன்?"

எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "அவனிட்டச் சொல்லுங்கோ. அவன் சின்னப்பிள்ளையே" என்றேன். அவர் மீனைத் திருப்பிப் போட்டார். "ரெண்டு வருசமா அவனுக்கு நான் வேண்டாம் எண்டு மட்டும்தான் சொன்னனான். இப்பத்தான் ஓம் எண்டு சொல்லிப் பழகிறன். திரும்பவும் வேண்டாம் எண்டு சொல்லச் சொல்லுறீரோ? அவன் தன்ர கையால ஒட்டின கார் அது." அவருக்கும் சத்தியம் செய்து கொடுத்தேன். அவருடைய கை மீன் கையாக இருந்தது.

ஆக, இருவரும் நம்பாத காரை, மற்றவர் நம்புகிறார் என்று நினைத்து, ஒவ்வொரு பின்னேரமும் தட்டித் தட்டிச் செய்துகொண்டிருக்கிறீர்கள். எனக்கு இது முட்டாள்தனமாகத் தெரிகிறது. அதே நேரம் இந்த வீட்டில் நடந்த மிக நல்ல விஷயமாகவும் தெரிகிறது. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. நான் உண்மையைச் சொன்னால் கராஜ் லைட் அணைந்துவிடும். அணைந்த பிறகு நீங்கள் இருவரும் எதைப் பற்றிக் கதைப்பீர்கள்? சொல்லாவிட்டால் நீ அந்தக் காட்டு ரோட்டில் போவாய். கேள்வியை இப்படி எழுதிப் பார்த்தால் பதில் வெளிச்சமாகத் தெரிகிறது. பின்னேரம் கதவுக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும்போது தெரியாமல் போகிறது.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. தேத்தண்ணியோடு நின்ற என் முகத்தையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். உண்மையில் இருவருக்கும் காரில் நம்பிக்கை இருந்து, பயந்த மனுசியைச் சமாளிக்க ஒவ்வொருவரும் தன்பாட்டில் எனக்கு ஒரு கதை சொன்னீர்களோ? அப்படியும் இருக்கலாம். மனிதர்கள் என்னிடம் வந்து சொல்வதை நான் முழுதாக நம்புவதில்லை, அது என் குணம். அதனால் நேற்று நீங்கள் இருவரும் கடைக்குப் போன நேரம் நானே கராஜுக்குள் போனேன். குந்தியிருந்து, ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் அந்தத் தகட்டை நுனியிலிருந்து நுனிவரை தட்டிப் பார்த்தேன். சில இடத்தில் இரும்புச் சத்தம். சில இடத்தில் அட்டைப்பெட்டிச் சத்தம். இரும்பு எங்கே முடிகிறது, கறள் எங்கே தொடங்குகிறது என்று கறுப்புப் பூச்சுக்கு மேலால் தெரியவில்லை. இரும்பும் உப்பும் நீரும் காற்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று என்னால் ஒரு தாளில் எழுதிக் காட்ட முடியும். இந்தக் கார் எந்தப் பள்ளத்தில் விழுந்தால் முறியும் என்று எழுதத் தெரியாது. ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்று நான் சொன்னபோது இருவரும் ஒரே நேரத்தில் "தேவையில்லை" என்றீர்கள். அவ்வளவு ஒற்றுமையாக நீங்கள் பதில் சொன்னதே எனக்குப் போதுமாக இருந்திருக்க வேண்டும். மெக்கானிக் என்ன சொல்வார் என்று இருவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்னும் குழப்பம். எங்கள் ஃபாதர் பழைய முறைக்காரர். தீர்த்தத்துக்கு உப்புப் போட்டுத்தான் மந்திரிப்பார். உப்பு தின்று முடித்த காருக்கு மேலே இன்னும் கொஞ்சம் உப்புத் தண்ணீர். கோயிலுக்கு வந்தவர்கள் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். அன்ரிமார் உன் தலையைத் தடவி, "அப்பாவும் மகனுமாச் செய்த காராம்" என்று சொல்வார்கள். அப்பா நிமிர்ந்து நிற்பார். அதற்குப் பிறகு உன்னாலும் பின்வாங்க முடியாது, அவராலும் முடியாது. நான் கடவுளை எவ்வளவு நம்புகிறேன் என்று உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை, எனக்கே நிச்சயமில்லை. ஆனால் வெட்கத்துக்குப் பயந்து ஓட்டுகிற காரை அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பும் அளவுக்கு நான் போகவில்லை.

வீட்டை விட்டுப் போகிற பிள்ளைக்குத் தாய் ஏதாவது சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அங்கே பனி கரைகிற நாட்களில் எந்தக் கார் வைத்திருந்தாலும் அடிப்பக்கம் கழுவு. ஜக்கில் நிற்கிற காருக்குக் கீழே தனியே போகாதே. புதிதாகக் கறுப்பு அடித்த எதையும் தட்டிப் பார். ஒருவரைச் சந்தோசப்படுத்துவதற்காக அவர் தருவதை எல்லாம் வாங்கிக்கொள்ளாதே என்று எழுதப் போனேன். எழுத முடியவில்லை. ஏனென்றால் நீ வாங்கிக்கொண்டதால்தான் இந்தக் கோடை எங்களுக்குக் கிடைத்தது. அந்த வரியை நீயே உனக்கு ஏற்றபடி முடித்துக்கொள்.

இப்போது, ஏன் தமிழில் எழுதினேன் என்பது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நீ எவ்வளவு படித்தாய் என்று எனக்குத் தெரியும். வீட்டில் வடிவாகக் கதைப்பாய். எழுத்தைக் கண்டால் நின்றுவிடுவாய். நீ இதை இதுவரை தனியே வாசித்து வந்திருக்க மாட்டாய். முதல் பந்தியிலேயே தடக்கி, "அப்பா, அம்மா என்னவோ எழுதி வைச்சிருக்கிறா, இதைக் கொஞ்சம் வாசியுங்கோ" என்று நீட்டியிருப்பாய். அவர் கையைத் துணியில் துடைத்துவிட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்து, வாசிக்கத் தொடங்கியிருப்பார். பூசையில் வாசகம் வாசிக்கிறவர் அவர். எடுத்த வாசகத்தை இடையில் நிறுத்திப் பழக்கமில்லாதவர். மீன் கழுவிய இடம் வந்தபோது குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஆனாலும் வாசித்திருப்பார். நான் இருவருக்கும் செய்து தந்த சத்தியத்தை முறித்துவிட்டேன். என் வாயால் முறிக்கவில்லை என்று சொல்லித் தப்பவும் நான் நினைக்கவில்லை. சரியைத்தான் செய்தேனா என்று கேட்டால் தெரியாது.

இஞ்சேருங்கோ, இந்த வரி உங்களுக்கு. நிமிர்ந்து அவனைப் பாருங்கோ. பாத்துப்போட்டு மிச்சத்தை வாசியுங்கோ.

தம்பி, பழைய காரின் சாவி என் கைப்பையில் இருக்கிறது. அதன் மற்றச் சாவியும்தான். திங்கட்கிழமை பஸ் இருக்கிறது. கார் இங்கேயே நிற்கட்டும், ஹீட்டர் இல்லாமல். மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு நீ வரும்போது அதைத் திருத்துவீர்களோ, கழற்றுவீர்களோ, சும்மா அடியில் படுத்துக் கிடப்பீர்களோ, அது உங்கள் பாடு. எங்கும் போகத் தேவையில்லாத காருக்கு அடியில் இரண்டு பேர் படுத்திருப்பார்களா என்பதும் எனக்குத் தெரியாது. ஃபாதரிடம் யார் போய்ச் சொல்வது என்று நீங்களே முடிவெடுங்கள். நான் போகமாட்டேன்.

இன்றைக்கு வழக்கமான ரயிலில் வந்து ரொக்ஸ்பரோவில் இறங்குவேன். என்னை ஏற்ற ஒருவர் வந்தால் போதும் என்றுதான் மற்ற நாட்களில் சொல்வேன். இன்றைக்கு இருவரும் வாருங்கள், சின்னக் காரில். முன்னுக்கு நீங்கள் இருவரும் இருங்கள். நான் பின்னுக்கு ஏறிக்கொள்கிறேன்.

அம்மா